தோர்டிஸ் மலையைக் கடந்த விதம்

தோவ்லி
மார்ச் 13, 1984

ஹால்வருக்கு,

"அன்புள்ள தம்பிக்கு" என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. அதனால் பேரோடு நிறுத்திக்கொண்டேன்.

போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஒரு பேச்சு முடிப்பதற்குள் நீ குறுக்கே விழுவாய். கடிதத்தில் அது நடக்காது. கடைசி வரை வாயை மூடிக்கொண்டு படித்தாக வேண்டும்.

போன சனிக்கிழமை மலைக்கு அந்தப் பக்கம் நெஸ்விக்கில் என் ஒரே மகள் சிக்னேயின் கல்யாணம். அப்பா இல்லாத பெண். சர்ச்சில் முன்வரிசையில் உட்கார அவளுக்கென்று இருந்தது நான் ஒருத்திதான். அந்த இடம் கடைசி வரை காலியாகவே கிடந்ததாம். மலையில் புயல் என்பதாலா? இல்லையே! அதே புயலில், உன் பனி தள்ளும் லாரிக்குப் பின்னால், ஒரு கான்வாயே வரிசையாக மலை தாண்டிப் போயிற்று. ஓஸ்லோவிலிருந்து பனிச்சறுக்கு விளையாட வந்த கல்லூரிப் பையன்களைக்கூடச் சேர்த்துக்கொண்டாய். கூடப்பிறந்தவளைத்தான் மலைச்சாலை கேட்டிலேயே திருப்பி அனுப்பினாய்.

அதுவும் எப்படி? வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் என் கார் டிக்கியைத் திறந்து விசாரணை. "மண்வெட்டி எங்கே? கம்பளி எங்கே? இந்தச் செருப்போடயா மலை ஏறப் போறே?" எனக்கு ஐம்பத்தோரு வயசாகிறது, ஹால்வர். இந்த மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். என்னைப் பார்த்து இந்தக் கேள்வி!

இதையெல்லாம்கூட மறந்துவிடலாம். நான் ராவும் பகலும் சுட்டு, வளையம் வளையமாக அடுக்கிய பாதாம் கேக்கை மட்டும் உன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனாய் பார், அதைத்தான் மறக்க முடியவில்லை. "லாரியில ஆள் ஏத்தக் கூடாதுன்னுதான் விதி. கேக்கைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லை" என்றாய். கேக் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நீயும் சாயங்காலம் போய்ச் சேர்ந்து மூன்று பாட்டுக்கு ஆடினாயாம். பெண்ணைப் பெற்றவள் வெள்ளிப் பொத்தான் உடுப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

மறுநாள் சிக்னேயிடம் பேசினேன். "மலை மூடலைம்மா. நீதான் வரலை" என்றாள். அதற்குப் பிறகு அவள் போனை எடுப்பதில்லை.

சந்தோஷமா உனக்கு?

தோர்டிஸ்


ஸ்டோர்ஃபோன் மலை நிலையம்
மார்ச் 21, 1984

அக்கா,

வாயை மூடிக்கொண்டு கடைசி வரை படித்தேன். இப்போது உன் முறை.

ஓஸ்லோ பையன்களை ஏன் விட்டேன் என்று கேட்கிறாய். அவர்களுக்குப் பயம் இருந்தது. பயந்தவன் கேட்டதையெல்லாம் கொண்டுவருவான். மண்வெட்டி, கம்பளிப் பை, இழுவைக் கயிறு, தெர்மாஸ், நிறைந்த டேங்க், எல்லாம் இருந்தது. எனக்குத் தலைவலி நம் பள்ளத்தாக்குக்காரர்கள்தான். "நாங்க பார்க்காத பனியா" என்று ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். நான் பள்ளத்திலிருந்து இழுத்துப் போட்ட வண்டிகளில் பாதிக்கு மேல் அவர்களுடையது.

உன் டிக்கியில் என்ன இருந்தது? கேக். மண்வெட்டியும் கம்பளிப் பையும் இருக்க வேண்டிய இடத்தில் கேக். இடம் போதவில்லை என்று அவற்றை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்ததாக நீயே சொன்னாய். பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே. காலில் சின்னக் கொக்கி வைத்த மெல்லிய செருப்பு.

அப்புறம், நீ எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. மீன் லாரிக்காரர் தன் பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டி, "வாங்கம்மா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். நீ என்ன சொன்னாய்? "மீன் நாத்தத்தோட என் பொண்ணு கல்யாணத்துல போய் நிக்கச் சொல்றியாடா?" பிறகு ஊரே கேட்கும்படி, "உனக்கு மூக்குச் சிந்தி விட்டவடா நானு!" அந்தப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது நிலையத்தில் என் பேரே மூக்கு.

கேட்டை இரண்டு தடவை பாதியில் நிறுத்தித்தான் இறக்கினேன். நீ பார்த்திருக்க மாட்டாய், பார்க்கிற நிலையில் இல்லை. மேலே உன் கார் நின்றுவிட்டால், நான் திரும்பி வர எத்தனை நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தச் செருப்போடு உன்னைக் காரிலிருந்து தூக்கி எடுக்கிற நினைப்பே என்னால் தாங்க முடியவில்லை. கோபப்படு. உயிரோடு இருந்து எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு.

ஆடியது மூன்று பாட்டுக்கு இல்லை. இரண்டு.

ஹால்வர்


தோவ்லி
ஏப்ரல் 2, 1984

ஹால்வர்,

நீ சொன்னது எல்லாம் சரியாகவே இருக்கட்டும். உன் சரியை வைத்து நான் என்ன செய்ய? என் பெண் என்னோடு பேசவில்லை.

ஈஸ்டருக்கு வராதே. எழுதவும் எழுதாதே.

தோர்டிஸ்


ஸ்டோர்ஃபோன் மலை நிலையம்
நவம்பர் 18, 1984

அக்கா,

எழுதாதே என்றாய். ஏழு மாசம் எழுதவில்லை. இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

சிக்னேக்கு ஜனவரியில் பிரசவம். ஊர் வழியாக உன் காதுக்கு வந்திருக்கும். போன வாரம் நெஸ்விக்கில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். வயிறும் பிள்ளையுமாக ஏணியில் ஏறிச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறாள். பிடிவாதம் யாரைக் கொண்டு வந்தது என்று நான் சொல்லப் போவதில்லை.

ஞானஸ்நானத்தில் குழந்தையை யார் தூக்கிக்கொண்டு போவது என்று பேச்சு வந்தது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்கூட மாற்றவில்லை: "அம்மாதான் தூக்கணும் மாமா. வேற யாரையும் என்னால நினைச்சுப் பார்க்க முடியலை. ஆனா அம்மா வருவாங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தத் தடவையும் வரலைன்னா என் மாமியாரே தூக்கட்டும். அதுக்கப்புறம் நான் அம்மாவுக்காக வாசலைப் பார்த்துட்டு உட்கார மாட்டேன்."

சொல்லிவிட்டு மறுபடி பெயிண்ட் அடிக்கப் போய்விட்டாள். முதுகைத் திருப்பிக்கொண்டுதான் அடித்தாள், ஆனால் தோள் குலுங்கியது தெரிந்தது.

பிப்ரவரியில் இருக்கும். இரண்டு நாள் முன்னாலேயே கிளம்பி வந்துவிடு அக்கா. பிப்ரவரி மலையை நம்பாதே.

ஹால்வர்


தோவ்லி
டிசம்பர் 9, 1984

தம்பிக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். முதியோர் இல்லத்துக் கஞ்சி அன்றைக்கு அடிப்பிடித்துவிட்டது. நாற்பது பேரும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள்.

நான் வருவேன். அவளிடம் சொல்லாதே. சொன்னால் நம்ப மாட்டாள், சொல்லி வராமல் போனால் அதோடு முடிந்தது. இரண்டு நாள் முன்னால் கிளம்ப வழியில்லை. இன்னொரு சமையல்காரிக்கு முதுகில் ஆபரேஷன், மார்ச் வரை வர மாட்டாள். ஞானஸ்நானம் எப்படியும் ஒரு ஞாயிறன்றுதான் இருக்கும், முந்தின சனிக்கிழமை காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் நான் வண்டி எடுக்க முடியும். அதனால் சனிக்கிழமைக் கான்வாய். வேறு பேச்சு இல்லை.

உன் யோசனை எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள் பழகுவதற்கென்று ஆற்றோரம் தண்ணீர் ஊற்றி உறைய வைத்த ஒரு மைதானம் இருக்கிறதே, அங்கே வாராவாரம் போகிறேன். குன்வோர் என்று ஒரு அம்மாள் சொல்லித் தருகிறாள், என் வயசுதான், வாய் என்னைவிட நீளம். முதல் நாள் என் வால்வோ பம்பரமாகச் சுற்றி, பின்பக்கமாகப் போய்ப் பனிமேட்டில் உட்கார்ந்துகொண்டது. குன்வோர் கதவைத் திறந்து, "பிரேக்கை ஏன் இந்த மிதி மிதிக்கிறீங்க? அடியில எலியா ஓடுது?" என்று கேட்டாள். இறங்கி அவளை ஒரு அறை விடலாமா என்று இருந்தது.

ஆனால் கெட்டிக்காரி. வழுக்கும்போது எதில் மோதிவிடுவோமோ அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அதில்தான் போய் மோதுவோமாம். போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் கை தானாக அங்கே திருப்புமாம். மூன்றாவது வாரம் கார் சுற்றவில்லை. வழுக்கியது, நான் பார்த்த பக்கம் திருப்பினேன், பூனை மாதிரி வந்து நின்றது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கூச்சல் போட்டேன். குன்வோர் ஓடி வந்து, "அடிபட்டுதா?" என்றாள். "இல்லைடி, ஜெயிச்சுட்டேன்!" என்றேன்.

தோர்டிஸ்


ஸ்டோர்ஃபோன் மலை நிலையம்
ஜனவரி 20, 1985

அக்கா,

பெண் குழந்தை. பன்னிரண்டாம் தேதி பிறந்தது. தாயும் சேயும் நலம். குரல் வெண்கலம்.

ஞானஸ்நானம் பிப்ரவரி பத்து, ஞாயிறு காலை பதினொரு மணி, நெஸ்விக் சர்ச்.

முந்தின நாள் முன்லாரி ஓட்டுவது நான்தான். கேட்டில் வண்டிகளைச் சோதிப்பது கோல்பெய்ன். அக்கா, தங்கை என்று அவன் பார்க்க மாட்டான். நானும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீ என்ன திட்டினாலும் சரி.

மேலே போன பிறகு ஒன்றே ஒன்று. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு உன் கண்ணை விட்டுப் போகக் கூடாது. அதுதான் உனக்குச் சாலை. நின்றுவிட்டால் காரை விட்டு இறங்கி நடக்காதே. பத்தடி நடந்தவர்கள் திரும்பிக் கார் கதவைக் கண்டுபிடிக்க முடியாமல் போயிருக்கிறார்கள்.

பயமாக இருக்கிறது அக்கா. உனக்கு இல்லை, எனக்கு.

ஹால்வர்


தோவ்லி
பிப்ரவரி 5, 1985

தம்பிக்கு,

ஆணி பதித்த புது டயர். நிறைந்த டேங்க். டிக்கியில் ஒரு எலி நுழைய இடமில்லை, அவ்வளவு சாமான். கேக்கை இந்தத் தடவை சம்பந்தியம்மாளே சுட்டுக்கொள்ளட்டும்.

சலுகை கேட்டது யார்? கேட்டை மட்டும் தூக்கு.

தோர்டிஸ்


ஸ்டோர்ஃபோன் மலை நிலையம்
பிப்ரவரி 10, 1985, ஞாயிறு

அக்கா,

இந்நேரம் நெஸ்விக்கில் மணி அடித்திருப்பார்கள். நான் இங்கே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்களையெல்லாம் கீழே கொண்டுவந்து விட்டுவிட்டு லாரியோடு நிலையத்துக்கு ஏறினேன், ஏறிய கையோடு மலையை மூடிவிட்டார்கள். சொந்த மருமகளின் குழந்தைக்கு ஞானஸ்நானம், தாய்மாமன் இல்லை. சிரி. உனக்குச் சிரிக்க உரிமை இருக்கிறது.

நேற்று உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உச்சியில் காற்று திரும்பியபோது கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் விளக்குகள் தெரிந்தன. நெஸ்விக் பக்கத்து மேற்குக் கேட்டில் வந்து இறங்கி எண்ணினால் நாலு வண்டி. மீதி எல்லாம் மேலே. உன் சிவப்பு வால்வோவும் மேலே. திரும்ப ஏறப் போனேன், காற்று விடவில்லை. கேட்டுக்காரர் என் லாரிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். "நீயும் போய் விழுந்துட்டா அவங்களை யார்டா எடுக்கிறது?" என்றார். நியாயம்தான். அவர் சட்டையைப் பிடித்தேன், பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

காற்று தணிந்து நான் ஏறி வந்தபோது முதலில் ஒன்றும் தெரியவில்லை. காதில்தான் விழுந்தது. ஹாரன். கொஞ்சம் விட்டுக் கொஞ்சம் விட்டு. அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். உன் வால்வோ, பனியில் சாலை விளிம்பு தெரிய நாங்கள் நட்ட ஓரக் கழியை உரசினாற்போல் நிற்கிறது, அதன் பின்னால் ஏழு வண்டி, ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு. ஒரு வண்டியில்கூட, புகை உள்ளே திரும்பி ஆளைக் கொல்லும்படி புகைக்குழாயைப் பனி மூடவில்லை. ஒரு ஆள் குறையவில்லை. இடுப்பில் கயிறு கட்டிய ஒரு பெரிய மனிதர் மண்வெட்டியோடு என் லாரி முன்னால் வந்து, "ஒருவழியா வந்துட்டீங்களா! இந்தம்மா என்னைக் கொன்னுட்டாங்க சார்" என்று அழாத குறையாகச் சொன்னார்.

உனக்கு முன்னால் போன நீலக் காரையும் பார்த்தேன். சாலையை விட்டு, சரிவுக்குக் கீழே ஏரி இருக்கிற பக்கம் இறங்கிப் பனியில் புதைந்திருந்தது. உள்ளே இருந்த புருஷன் பெண்டாட்டிக்கு ஒன்றுமில்லை, பனி நிறுத்திவிட்டது. அந்தப் பனிமேடு ஒரு வண்டியைத்தான் நிறுத்தும், அக்கா. இரண்டாவது வந்து இடித்திருந்தால் இரண்டும் சரிவில் போயிருக்கும். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் உன் சிவப்பு விளக்கைத்தான் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

முன்வண்டியின் விளக்கை விடாதே என்று சொன்னவன் நான். நீ விட்டாய். அதனால்தான் இத்தனை பேர் இருக்கிறார்கள். இருபது வருஷமாக இந்த மலையில் லாரி ஓட்டுகிறேன், அந்த இடத்தில் நான் விட்டிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.

சிக்னே வீட்டு வாசலில் கொண்டுவிடுகிறேன் என்றேன், வேண்டாம், கான்வாய் ஆட்களைத் தங்கவைத்த பள்ளிக்கூடத்திலேயே இவர்களோடு படுத்துக்கொள்கிறேன் என்றாய். ஏன் என்று கேட்கவில்லை. சர்ச்சில் என்ன நடந்தது? ஒன்று விடாமல் எழுது.

ஹால்வர்


நெஸ்விக்
பிப்ரவரி 11, 1985

என் தம்பிக்கு,

சிரிக்கவில்லை. உனக்காக ஒரு துண்டு கேக் எடுத்து வைத்திருக்கிறேன். இன்று மலை திறந்ததும் உன் கடிதத்தோடு வந்த கோல்பெய்ன், திரும்பும்போது இந்தக் கடிதத்தோடு அதையும் கொண்டுவருவான்.

முன்வண்டியின் விளக்கை ஏன் விட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். நான் பெரிய யோசனை ஒன்றும் பண்ணவில்லை. கண்ணில் வெள்ளைத் துணியைக் கட்டினாற்போல் இருந்தது. அந்த இரண்டு சிவப்புப் புள்ளியைத் தவிர உலகத்தில் ஒன்றும் இல்லை. ஓரக் கழிகள் மட்டும் ஒவ்வொன்றாக என் வலப்பக்கம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தன. திடீரென்று ஒரு கழி எனக்கும் அந்தச் சிவப்புப் புள்ளிக்கும் நடுவில் வந்து நிற்கிறது, முன்னால் போகிற கார் சாலைக்கு வெளியே இருப்பது போல. ஒன்று விளக்கு தப்பு, இல்லை கழி தப்பு. கழியை நட்டது நீயும் உன் ஆட்களும், தரை தெரிகிற காலத்தில். நீ நட்டதைத்தான் நம்பினேன். மெதுவாகக் காலை எடுத்து, கழியை ஒட்டி நிறுத்தி, ஹாரனில் கையை வைத்தேன்.

அந்தப் பெரிய மனிதர் பேர் பிர்கர். பெர்கனில் ஜன்னல் விற்கிறவர். நின்ற கொஞ்ச நேரத்திலேயே தன் காரை விட்டு இறங்கி, ஒவ்வொரு வண்டியாகத் தடவிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்துவிட்டார். "ஏம்மா நட்ட நடுவுல நிறுத்திட்டே? ஓட்டத் தெரியலைன்னா ஓரமா ஒதுங்கு, நான் போறேன்!" என்று கத்தினார். அவருக்குப் பின்னால் அவர் வந்த தடமே அழிந்துகொண்டிருந்தது. நான் பின்கதவைத் திறந்து, "ஏறுய்யா உள்ளே!" என்றேன். முறைத்தார். "ஏறுன்னு சொன்னேன்ல!" என்று போட்ட போட்டில் ஏறிவிட்டார். நாற்பது கிழவர்களுக்குக் கஞ்சி குடிக்கவைக்கிற குரல், வீண் போகுமா?

உள்ளே வந்து அவர் வெளியே பார்த்தார். தன் கார் எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு தங்கமான மனுஷன். இழுவைக் கயிற்றின் ஒரு முனையை அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கதவில் முடிந்துவிட்டேன். முதலில் என் புகைக்குழாய், பிறகு பின்வண்டிக்காரரின் கயிற்றை வாங்கி அவர் புகைக்குழாய், இப்படிக் கயிறு மாற்றிக் கயிறு மாற்றிக் கடைசி வண்டி வரை போய்ப் பனியை வெட்டிவிட்டு வருவார். "யாரும் இறங்கக் கூடாது, விளக்கைப் போட்டு வைங்கன்னு அந்தம்மா சொல்லச் சொன்னாங்க" என்று ஒவ்வொரு ஜன்னலாகச் சொல்லிக்கொண்டு போனாராம். திரும்பி வந்தால் காபியும் பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியும் கொடுத்தேன். மூன்றாவது சுற்றில், "இதுக்குப் பேசாம என் பொண்டாட்டிகூடவே வீட்ல இருந்திருக்கலாம்" என்றார்.

நான் பயப்படவில்லை என்று நினைத்துவிடாதே. நீலக் காரிலிருந்து பதிலுக்கு ஹாரன் வருகிற வரைக்கும் எனக்கு மூச்சே வரவில்லை. வந்ததும் அழுதுவிட்டேன். பிர்கர் தொப்பியைத் துடைப்பது போலப் பார்க்காமல் இருந்துகொண்டார்.

மலையைத் தாண்டி வந்துவிட்டேன், தம்பி. என் பெண் வீட்டுக் கதவைத் தட்டத்தான் தைரியம் வரவில்லை. தட்டி, அவள் திறந்து, "ஓ, வந்துட்டியா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டால்? அதனால்தான் பள்ளிக்கூடத்தில் படுத்தேன். கடலோரச் சாலையிலும் பனி சரிந்துவிட்டதால் எங்கள் கூட்டத்தில் ஒருவராலும் ஊரை விட்டு நகர முடியவில்லை. காலையில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது உடுப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பினேன்.

சிக்னே சர்ச் வாசலில் குழந்தையோடு நின்றிருந்தாள். மாமியார் பக்கத்தில் கையை நீட்டத் தயாராக. சிக்னேயின் பார்வை மலைச்சாலை பக்கம் இருந்தது, நான் வந்தது பள்ளிக்கூடப் பக்கத்திலிருந்து. அதனால் மாமியார்தான் முதலில் பார்த்தாள். சிக்னே திரும்பினாள். முகம் வெளுத்துப் போயிற்று.

"நேத்தே மலையை மூடிட்டாங்கன்னு ரேடியோவில சொன்னாங்களே" என்றாள்.

"மூடுறதுக்கு முன்னாடி வந்துட்டேன்" என்றேன்.

"எப்படிம்மா?"

எங்கே ஆரம்பிப்பது? அப்போது பின்னால் பூட்ஸ் சத்தம். பார்த்தால் பிர்கர். அவர் பின்னால் நீலக் காரின் புருஷன் பெண்டாட்டி. அவர்கள் பின்னால் அக்கார்டியன் பெட்டியைத் தோளில் மாட்டிய நடனக் குழுக்காரர்கள், நாயோடு ஒரு பெண், கடைசி வண்டிக்காரர் வரைக்கும். தலைகூடச் சரியாக வாரவில்லை. நான் யாரையும் கூப்பிடவில்லை, சத்தியமாக. பள்ளிக்கூடக் காவல்காரரிடம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"யாரும்மா இவங்கெல்லாம்?" என்றாள் சிக்னே.

நான் வாயைத் திறப்பதற்குள் பிர்கர் தொப்பியைக் கழற்றி, "நேத்து மலையில உங்கம்மாவுக்குப் பின்னாடி வந்தவங்க" என்றார். நீலக் காரின் பெண் முன்னால் வந்து, "நாங்க முன்னாடி போனவங்க. தப்பான வழியில. உங்கம்மா ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. அது கேட்கிற வரைக்கும் சாக மாட்டோம்னு பேசிக்கிட்டோம்" என்றாள்.

சிக்னே என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழந்தையை என் கையில் வைத்தாள். மாமியார் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கழுத்தைத் தாங்கிப் பிடிம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

உள்ளே மணி அடித்தது. சர்ச்சின் நடுப்பாதையில் நான் முன்னால் நடந்தேன். பக்கத்தில் சிக்னே. பின்னால் சர்ச் அதிர அத்தனை பேரின் பூட்ஸும். நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

உன் அக்கா
தோர்டிஸ்